ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



என் தம்பி மகள் செமினியில் உள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் கிளை வளாகத்தில் படித்தவள். 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பருவத்திற்கு மட்டும் இங்கிலாந்தில் உள்ள தாய் வளாகத்திற்குச் சென்றிருந்தாள். ஒருநாள் விடியற்காலை ஆறு மணிக்கு, நான் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அங்கிருந்து அழைத்தாள். அவளுக்கு அப்போது இரவு பத்து மணி.

“பெரியப்பா, வீட்டுக்குள்ளேயே குளிர்ச்சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாவியில் காசு தீர்ந்துவிட்டது. கடையை மூடிவிட்டார்கள்,” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளக்கினாள். அவள் வாடகைக்கு இருந்த வீட்டில் முன்பணம் செலுத்தும் மின்மீட்டர். ஒரு நெகிழிச் சாவியைக் கடைக்கு எடுத்துச் சென்று பணம் ஏற்றி வந்து மீட்டரில் செருக வேண்டும். பணம் தீர்ந்தால் சிறிது அவசரக் கடன் கிடைக்கும். அதுவும் தீர்ந்தால் விளக்கும் இல்லை, சூடேற்றியும் இல்லை. “எனக்கு ஓர் இரவுதான் பெரியப்பா. பக்கத்து வீட்டுப் பாட்டி மாதக் கடைசியில் எப்போதும் இப்படித்தான் இருக்கிறாராம்,” என்றாள்.

வெயிலுக்கு அஞ்சி வாழும் நமக்குக் குளிர் என்பது கேமரன் மலைச் சுற்றுலாதான். பிரிட்டனிலோ வீட்டைச் சூடாக்கப் பணமில்லாமை தனிப் பெயர் வைக்கும் அளவுக்குப் பெரிய துன்பம். அதை ‘எரிபொருள் வறுமை’ என்கிறார்கள். அந்தத் துன்பத்தைத் துடைக்கத்தான் அதே நாட்டிங்ஹாம் நகரத்தின் மாநகர மன்றம் சொந்தமாக ஒரு மின்சார, எரிவாயு நிறுவனத்தைத் தொடங்கியது. அந்த நல்ல எண்ணம் எப்படி முடிந்தது, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பதே இக்கட்டுரை.

மூன்று கால்கள்

எரிபொருள் வறுமை என்னும் கருத்தை ஆய்வுலகில் நிலைநிறுத்தியவர் பிரெண்டா போர்ட்மன் அம்மையார். அவருடைய நூல் 1991இல் வெளிவந்தது. வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் செலவிட்டால்தான் வீட்டைப் போதிய வெப்பத்தில் வைத்திருக்க முடியும் என்னும் நிலையில் உள்ள குடும்பம் எரிபொருள் வறுமையில் உள்ளது என்பது நெடுங்காலம் வழங்கிய அளவுகோல். இங்கிலாந்தில் இன்று அளவுகோல் மாறிவிட்டது. வீட்டின் ஆற்றல் தரத்தையும், எரிபொருள் செலவு போக எஞ்சும் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அளவுகோல் எதுவாயினும் இவ்வறுமைக்குக் கால்கள் மூன்று. ஒன்று, குறைந்த வருமானம். இரண்டு, உயர்ந்த எரிபொருள் விலை. மூன்று, வெப்பத்தைத் தேக்கி வைக்க முடியாத ஓட்டை வீடு. விக்டோரியா அரசி காலத்து ஒற்றைச் செங்கல் சுவர் வீடுகளில் இன்னும் இலட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். அங்கே உள்ளே மூட்டும் வெப்பம் சுவர் வழியும் கூரை வழியும் வெளியே போய்விடுகிறது. ஈரம் படிகிறது, பூஞ்சை பூக்கிறது, பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு வருகிறது. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போன்ற கதைதான். நீரை மலிவாக வாங்கிக் கொடுத்தால் மட்டும் பானை நிறைந்துவிடுமா?

இந்த மூன்று கால்களில் எதை வெட்டுவது என்பதில்தான் நாட்டிங்ஹாம் தவறியது என்பது என் கருத்து.

ராபின் ஹூட் பிறந்த கதை

ஊராட்சி மன்றங்கள் ஆற்றல் தொழிலில் இறங்குவது பிரிட்டனுக்குப் புதிதன்று. பர்மிங்ஹாம் நகரின் மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லேன் 1875இல் அந்நகரத்தின் எரிவாயு நிறுவனங்களை நகராட்சியின் உடைமையாக்கினார். அதில் வந்த இலாபம் நகர வளர்ச்சிக்குப் பயன்பட்டது. பிறகு பல நகரங்கள் சொந்த மின்நிலையம் நடத்தின. 1948இல் மின்சாரமும் 1949இல் எரிவாயுவும் நாட்டுடைமையானபோது அந்தக் காலம் முடிந்தது. 1986இல் எரிவாயுவும் 1990இலிருந்து மின்சாரமும் தனியார் கைக்குப் போயின. ஆறு பெரிய நிறுவனங்கள் சந்தையை ஆண்டன. ஆண்டுதோறும் நிறுவனம் மாறத் தெரிந்தவர்களுக்குச் சலுகை கிடைத்தது. மாறத் தெரியாத முதியோரும் முன்பண மீட்டர் ஏழைகளும் கூடுதலாகக் கட்டினார்கள். ஏழைக்குத்தான் விலை அதிகம் என்னும் அநியாயம் அங்கே நெடுங்காலம் நடந்தது. முன்பண மீட்டர்க்காரர்களுக்கு விதிக்கப்பட்ட கூடுதல் கட்டணம் நீங்கியது 2023 ஜூலையில்தான்.

இந்நிலையில் 2015 செப்டம்பரில் நாட்டிங்ஹாம் மாநகர மன்றம் ‘ராபின் ஹூட் எனர்ஜி’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கியது. இலாப நோக்கமில்லை, பங்குதாரர்க்குப் பங்காதாயமில்லை, முழு உடைமையும் மன்றத்திற்கே. நாட்டுடைமைக் காலத்திற்குப் பின் ஊராட்சி மன்றம் ஒன்று மக்களுக்கு நேரடியாக ஆற்றல் விற்க முன்வந்தது அதுவே முதல் முறை. செல்வரிடம் எடுத்து ஏழைக்குக் கொடுத்ததாகக் கதையில் வரும் அந்நகரத்து நாயகனின் பெயரையே சூட்டினார்கள்.

நாடே மெச்சியது. பிரிஸ்டல் மாநகர மன்றமும் சொந்த நிறுவனம் தொடங்கியது. லீட்ஸ், லிவர்பூல், இலண்டனின் இஸ்லிங்டன் முதலிய மன்றங்கள் தத்தம் பெயர்ப்பலகையின் கீழ் ராபின் ஹூட் நிறுவனத்தின் மின்சாரத்தை விற்றன. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அதன் வாடிக்கையாளர்களாயின.

வீழ்ந்த கதை

2019இல் முதல் விரிசல் வெளியே தெரிந்தது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்காக ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் கட்டியாக வேண்டிய கட்டாயத் தொகை உண்டு. ராபின் ஹூட் 9 மில்லியன் பவுண்டுக்கும் மேற்பட்ட தொகையை உரிய நாளில் கட்டவில்லை. ஒழுங்குமுறை ஆணையம் கெடு விதித்தது. மாநகர மன்றம் மேலும் கடன் கொடுத்துக் காப்பாற்றியது.

2020 ஆகஸ்டில் வெளித் தணிக்கையாளரான கிராண்ட் தோர்ன்டன் நிறுவனம் பொதுநல அறிக்கை ஒன்றை வெளியிட்டது. இயக்குநர் குழுவில் அமர்ந்த மன்ற உறுப்பினர்களுக்கு இத்தொழிலில் போதிய அறிவில்லை. மன்றத்தின் மேற்பார்வை வலுவாக இல்லை. இழப்பு பெருகியபோதும் திட்டம் வெற்றி பெற்றாக வேண்டும் என்னும் விருப்பமே கண்ணை மறைத்தது. இதுவே அவ்வறிக்கையின் சாரம். அடுத்த மாதமே வாடிக்கையாளர்கள் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டனர். எந்தப் பெரிய நிறுவனங்களுக்கு மாற்றாகத் தொடங்கினார்களோ அவற்றில் ஒன்றிடமே போய்ச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 230 பேர் வேலை இழந்தனர். மன்றத்திற்கு இழப்பு ஏறத்தாழ 38 மில்லியன் பவுண்டு.

பிரிஸ்டலும் அதே 2020இல் தன் நிறுவனத்தை விற்றது. அங்கும் 30 மில்லியன் பவுண்டுக்கு மேல் பொதுப்பணம் கரைந்திருந்தது. அதன் வீட்டு வாடிக்கையாளர்களை வாங்கிய ‘டுகெதர் எனர்ஜி’யில் பாதிப் பங்கை வாரிங்டன் ஊராட்சி மன்றம் வைத்திருந்தது. அந்நிறுவனமும் 2022 ஜனவரியில் கவிழ்ந்தது. ஒரு மன்றம் இறக்கி வைத்த சுமை இன்னொரு மன்றத்தின் தோளில் விழுந்த கதை இது.

2023 நவம்பரில் நாட்டிங்ஹாம் மாநகர மன்றம், வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று சட்டப்படியான அறிவிப்பு வெளியிட்டது. இதற்கு ராபின் ஹூட் மட்டுமே காரணம் என்பது நியாயமாகாது. நடுவண் அரசின் மானியம் ஆண்டுக்கணக்கில் குறைந்தது, முதியோர், குழந்தைகள் பராமரிப்புச் செலவு ஏறியது, பணவீக்கம் வாட்டியது. ஆனால் அந்த 38 மில்லியன் கையில் இருந்திருந்தால் சில கதவுகளையாவது திறந்து வைத்திருக்கலாம் அல்லவா? 2024இல் அம்மன்றம் பணியாளர்களையும் சேவைகளையும் குறைத்தது. மன்ற வரியை ஏறத்தாழ 5 விழுக்காடு உயர்த்தியது. நூலகத்தையும் சமூக மையத்தையும் நம்பி வாழ்பவர் யார்? கையில் சாவியோடு கடைக்கு ஓடும் அதே பாட்டிதான். செல்வரிடம் எடுத்து ஏழைக்குக் கொடுக்க வந்த ராபின் ஹூட், முடிவில் ஏழையின் சுருக்குப் பையிலேயே கைவைத்துவிட்டான்!

கணக்கு எங்கே பிசகியது?

ஆசிரியன் என்ற முறையில் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க விரும்புகிறேன். ஒரு வீட்டு மின்கட்டணம் 100 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் மிகப் பெரிய பங்கு மொத்தச் சந்தையில் மின்சாரம் வாங்கிய விலை. அடுத்து, கம்பிக்கும் குழாய்க்கும் கட்டும் வாடகை. அடுத்து, அரசு விதிக்கும் தொகைகள். பிறகு மீட்டர், அலுவலகம், தொலைபேசி மையம் ஆகியவற்றின் செலவு. இவையெல்லாம் போக விற்பவனுக்கு மிஞ்சும் இலாபம் எவ்வளவு? 2019 ஜனவரியில் பிரிட்டனில் விலை உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தபோது அதில் அனுமதிக்கப்பட்ட இலாபம் 100க்கு 2 பவுண்டுக்கும் சற்றுக் குறைவு.

அப்படியானால் இலாபமே வேண்டாம் என்று ஒரு மன்றம் துறந்தாலும் ஏழைக்குக் கிடைப்பது 100க்கு 2 பவுண்டுதான். அதற்கு மேல் குறைக்க வேண்டுமானால் சொந்தப் பணத்தைப் போட வேண்டும். அந்தப் பணமும் ஏழைக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை. விலை பார்த்து நிறுவனம் மாறும் வசதியுள்ளவருக்கும் போகிறது. ராபின் ஹூட் நாடு முழுவதும் விற்றது. ஆகவே நாட்டிங்ஹாம் மக்களின் வரிப்பணத்தில் வேறு ஊர்க்காரர்களும் சலுகை பெற்றார்கள்.

சேம்பர்லேன் காலத்து நகராட்சியிடம் எரிவாயு ஆலையும் இருந்தது, தெருவெங்கும் குழாயும் இருந்தது, போட்டியும் இல்லை. 2015இன் மன்றத்திடம் இருந்ததோ ஒரு நல்ல பெயரும், ஒரு தொலைபேசி மையமும், கட்டணச்சீட்டு அனுப்பும் கணினியுமே. மின்சாரத்தைச் செய்பவர் ஒருவர், சுமப்பவர் ஒருவர். நடுவில் நின்று விலை ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வேலை மட்டும் மன்றத்தினுடையது. அந்த வேலைக்கு ஆழ்ந்த சந்தை அறிவும் தடித்த பணப்பையும் வேண்டும். இரண்டும் மன்றத்திடம் இல்லை.

தனியார் நிறுவனங்களும் கவிழவில்லையா என்று சிலர் கேட்கலாம். கவிழ்ந்தன. 2021இல் எரிவாயு விலை எகிறியபோது தொடங்கிய சரிவில் ஏறத்தாழ 30 நிறுவனங்கள் மூழ்கின. ஆனால் நாட்டிங்ஹாமும் பிரிஸ்டலும் வீழ்ந்தது அந்தப் புயலுக்கு முன்னே, 2020இல். புயலில் உடைந்த படகன்று. கட்டியதிலேயே ஓட்டை இருந்த படகு.

என் சொந்த ஊர் ராபின் ஹூட்

பிறர் பிழையை மட்டும் பேசினால் நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொருளாளராக இருந்தேன். தோட்டத்திலிருந்து வரும் வசதி குறைந்த பிள்ளைகளுக்காகச் சீருடையும் பயிற்சி நூலும் அடக்க விலைக்கே விற்கும் ஒரு சிறு கடையைத் தொடங்கினோம். எல்லாரும் பாராட்டினார்கள். எந்த அளவுச் சட்டை எத்தனை வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. யார் யார் கடன் என்று முறையாக எழுதவில்லை. ஒரு கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து இருப்புக் கணக்கைக் கேட்டார். “ஏழைப் பிள்ளைகளுக்காகச் செய்வதில் கணக்குக் கேட்கலாமா, அம்மா?” என்று திருப்பிக் கேட்டவன் நானே.

இரண்டாண்டில் கடையை மூடினோம். யாருக்கும் பொருந்தாத சட்டைகள் மூன்று பெட்டி மிஞ்சின. நூல் வழங்கியவருக்குக் கட்ட வேண்டிய தொகையை ஆறாம் ஆண்டு மாணவர்களின் மாலை வகுப்புக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து கட்டினோம். அந்த ஆண்டு மாலை வகுப்பு நடக்கவில்லை. அதை இழந்தவர்கள், நாங்கள் உதவப் போன அதே பிள்ளைகள்.

ஆகவே நாட்டிங்ஹாம் அறிக்கையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறைக்குள் நானும் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. நல்ல நோக்கம் ஒரு கவசமாகிவிடுகிறது. கணக்குக் கேட்பவர் கல்நெஞ்சக்காரராகத் தெரிகிறார். இழப்போ ஓசையின்றி வளர்கிறது.

அப்படியானால் மன்றங்கள் ஒதுங்கி நிற்பதா?

இல்லை. அந்த முடிவுக்கு வருவோரோடும் நான் உடன்படவில்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தைப் பாருங்கள். அங்கே மன்றத்திற்குச் சொந்தமான அடுக்குமாடி வீடுகளில் ஏழைகள் செலவு மிகுந்த மின்சூடேற்றியை நம்பி வாழ்ந்தார்கள். அம்மன்றம் 2002இல் ‘அபர்டீன் ஹீட் அண்ட் பவர்’ என்னும் இலாப நோக்கமற்ற நிறுவனத்தை அமைத்தது. அது நாடு முழுவதும் மின்சாரம் விற்கப் புறப்படவில்லை. ஸ்டாக்கட்ஹில் பகுதியின் நான்கு அடுக்குமாடிகளில் தொடங்கியது. அருகிலேயே ஒரு சிறு நிலையம். எரிவாயுவை எரித்து மின்சாரமும் செய்யும். அப்போது எழும் வெப்பத்தை வீணாக்காமல் சுடுநீராகக் குழாய் வழி வீடுகளுக்கும் அனுப்பும். குடியிருப்போர் வெப்பத்திற்கென ஒரு நிலையான தொகையை வாடகையோடு சேர்த்துக் கட்டினார்கள். சாவியும் இல்லை, இருண்ட இரவும் இல்லை. முதல் இடத்தில் கற்றதைக் கொண்டு அடுத்த இடத்திற்குப் போனார்கள். எரிவாயு விலை ஏறினால் இத்தகைய அமைப்பும் தப்பாது என்பது உண்மையே. ஆயினும் குழாயும் நிலையமும் நிலைத்த சொத்தாக நிற்கின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால் நாட்டிங்ஹாமிடமும் இத்தகைய கருவிகள் இருந்தன. குப்பையை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தைச் சில ஆயிரம் வீடுகளுக்குக் குழாய் வழி கொண்டு செல்லும் வலையமைப்பு அந்நகரத்தில் பல்லாண்டுகளாக உண்டு. 2017இல் ஸ்னெய்ன்டன் பகுதியில் மன்றத்தின் பழைய வீடுகள் சிலவற்றுக்கு டச்சு முறையில் புதிய வெளிச்சுவரும் சூரியத் தகட்டுக் கூரையும் பொருத்திக் காட்டினார்கள். பிரிட்டனில் அம்முறைக்கு அதுவே முன்னோடி. ஓட்டைப் பானையை அடைக்கும் வேலை அதுதான். சுவருக்கு இட்ட வெப்பக்காப்பு, எரிவாயு விலை இரட்டித்தாலும் உழைக்கும். நிறுவனம் கவிழ்ந்தாலும் உழைக்கும். 38 மில்லியன் பவுண்டு மீட்டரில் கரையாமல் சுவரில் ஏறியிருந்தால், அது இன்றும் சில ஆயிரம் குடும்பங்களைச் சூடாக வைத்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

நம் நாட்டிற்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் நகராட்சி மரபில் வளர்ந்த ஜார்ஜ்டவுன் நகரம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொந்தமாக மின்சாரம் வழங்கியது. 1976இல் தேசிய மின்சார வாரியம் ஏற்கும் வரை பினாங்குத் தீவு நகரத்தின் மின்விநியோகம் நகர மன்றத்தின் கையில்தான் இருந்தது. நிலையமும் கம்பியும் அதற்கே சொந்தம். ஊர் மன்றத்தால் முடியாது என்பது பொய் என்பதற்கு நம் தாத்தாக்கள் வாழ்ந்த தெருவே சான்று.

முடிவாக

பொதுப்பணத்தில் அறம் செய்ய முனையும் எவரும், மன்றமாயினும் பள்ளிச் சங்கமாயினும், மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன்.

1. துன்பத்தின் எந்தக் காலை வெட்டப் போகிறோம்? அது நம் கைக்கு எட்டும் காலா?
2. போடும் ஒவ்வொரு பவுண்டும், ஒவ்வொரு ரிங்கிட்டும் உரியவரிடம் போய்ச் சேருகிறதா?
3. ‘கணக்கு எங்கே?’ என்று கேட்பவருக்கு நம் கூட்டத்தில் நாற்காலி உண்டா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். கருமித்தனத்தைக் கற்பிக்கும் பழமொழி என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்போது அதன் பொருள் வேறாகத் தெரிகிறது. ஏழையின் பெயரால் எடுத்த பணத்தை அளக்காமல் போடுவது ஈகையன்று. அந்த ஏழைக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

அன்று கேள்வி கேட்ட அந்தத் தாயைச் சென்ற ஆண்டு ஒரு திருமணத்தில் கண்டேன். மன்னிப்புக் கேட்டேன். “நீங்கள் நல்லதுதானே நினைத்தீர்கள், வாத்தியார்,” என்றார் அவர். நினைத்தேன், உண்மைதான். நினைத்தது மட்டும் போதவில்லை.